ஜெர்மனியில் ஒரு வருடத் தன்னார்வப் பணி: மொழி படிப்பதிலிருந்து ஊர் திரும்புவதுவரை முழு வழிகாட்டி

டிகிரி முடித்த கையோடு, அல்லது இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்து பார்க்கணும்" என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். மேற்படிப்புக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்க வீட்டில் தெம்பு இருக்காது, கம்பெனி அனுப்பும் என்று காத்திருந்தால் அது எப்போது நடக்கும் என்றும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்கிற வழி ஜெர்மனியின் அரசுத் தன்னார்வப் பணி ஆண்டு. நானே 2023 செப்டம்பரில் கிளம்பி, வெஸ்ட்ஃபாலியா பகுதியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அங்கேயே கிடைத்தன. விடுமுறையில் ஊர் சுற்றவும் முடிந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெர்லின் கிடைக்குமா, மியூனிக் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், கூட வந்தவர்களைப் பார்த்த வரையிலும், ஊர் எது என்பது பெரிய விஷயமே இல்லை. கிளம்பும் முன் எவ்வளவு ஜெர்மன் படித்தோம், வேலை செய்யப்போகிற இடத்தைப் பற்றி எவ்வளவு விசாரித்தோம், இந்த இரண்டும்தான் அந்த வருடம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானித்தன. அதனால் இந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது என்ன திட்டம்

இரண்டு பெயர்கள் உங்கள் காதில் விழும். ஒன்று எஃப்எஸ்ஜே, அதாவது "தன்னார்வச் சமூக ஆண்டு". 1964-இல் சட்டமாகவே வந்தது. இன்னொன்று பிஎஃப்டி, "கூட்டாட்சித் தன்னார்வப் பணி". ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில், ஆயுதம் தூக்க மறுத்த இளைஞர்கள் அதற்குப் பதிலாக மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்தார்கள். 2011-இல் கட்டாய சேவையை நிறுத்தி வைத்தபோது, அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஜூலை 1 அன்று பிஎஃப்டி தொடங்கியது. சுற்றுச்சூழல் வேலை பிடிக்கும் என்றால் எஃப்ஓஜே என்று அதற்கும் தனியாக ஒன்று இருக்கிறது.

நடைமுறையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. வழக்கமாக 12 மாதம், குறைந்தது 6, அதிகபட்சம் 18 மாதம். எஃப்எஸ்ஜே 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். பிஎஃப்டிக்கு மேல் வயது வரம்பு இல்லை, ஆனால் 27 தாண்டியவர்களை வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிற அமைப்புகள் குறைவு. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், அவர்களுக்கான பயிற்சிப் பட்டறை, மழலையர் பள்ளி, மருத்துவமனை, பண்ணை என்று வேலை பலவிதம். வாரத்துக்கு 38 முதல் 40 மணி நேரம், ஷிப்ட் உண்டு, சில வாரக்கடைசியும் போகும். பெயர்தான் தன்னார்வப் பணி, வேலையைப் பொறுத்தவரை முழுநேர வேலையேதான். இதை வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைச்செலவுப் பணத்தைத் தாஷன்கெல்ட் என்பார்கள். இதற்குச் சட்டப்படி ஒரு மேல்வரம்பு உண்டு, 2025-இல் அது மாதம் 644 யூரோ. அது வரம்புதான், பெரும்பாலான இடங்களில் அதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். தங்குமிடமும் உணவும் பொருளாகத் தரலாம், அல்லது அதற்குப் பணமாகத் தரலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "மாதம் 800 யூரோ" என்று சொல்கிற இடத்தில் வாடகையும் சாப்பாடும் உங்கள் தலையில் விழுமா என்று கேளுங்கள். அறை கொடுத்து, மதியச் சாப்பாடு போட்டு, கையில் 400 கொடுக்கிற சின்ன ஊர்தான் கணக்குப் பார்த்தால் லாபம்.

சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தப் பணம் உங்கள் ஒருவருக்கே அளவாகத்தான் போதும்.

முதல் படி: மொழி

மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1 என்று ஏறுவரிசையில் நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். விசாவுக்கும் விண்ணப்பத்துக்கும் ஆரம்ப நிலையான ஏ1 அல்லது ஏ2 போதும் என்று நிறைய இடங்களில் எழுதியிருக்கும். போதும்தான், உள்ளே நுழைய. ஆனால் நான் அடித்துச் சொல்கிறேன், பி1 முடிக்காமல் கிளம்பாதீர்கள். எண்பத்தெட்டு வயதுப் பெண்மணி பல்செட் கழற்றிவிட்டு முணுமுணுப்பாக ஏதோ கேட்கும்போது, அது தண்ணீரா, கழிப்பறையா, ஜன்னலை மூடச் சொல்கிறாரா என்று புரிய வேண்டும். பாடப்புத்தக ஜெர்மனே அங்கே பாதிதான் உதவும், ஏ2-வோடு போனவர்கள் முதல் நான்கு மாதம் பேசவே பயந்து சமையலறையிலும் துணி மடிக்கிற அறையிலும் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மனிதர்களோடு இருக்கத்தானே போகிறோம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தினமும் வகுப்பும் வீட்டுப்பாடமுமாக உட்கார்ந்தால் ஏ1-இலிருந்து பி1 வரை எட்டு முதல் பத்து மாதம் பிடிக்கும். சென்னையில் ரட்லண்ட் கேட்டில் இருக்கிற கோதே இன்ஸ்டிடியூட், அதாவது நாம் மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வது, வகுப்பும் தேர்வும் இரண்டும் நடத்துகிறது. வகுப்பை வேறு எங்கே படித்தாலும் தேர்வை மட்டும் அங்கீகாரம் உள்ள இடத்தில் எழுதுங்கள். பி1 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும், ஒரு பகுதி போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நன்றாக வந்துவிடும், கேட்டலில்தான் விழுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் ஜெர்மன் வானொலி கேளுங்கள், புரிகிறதோ இல்லையோ காதில் ஓடட்டும்.

தமிழ் தெரிந்த நமக்கு ஒரு விஷயம் மட்டும் சுலபம். ஜெர்மனில் "டூ", "ஸீ" என்று இரண்டு உண்டு, நம் நீ, நீங்கள் மாதிரியே. ஆனால் பயன்படுத்துகிற இடம் வேறு. உங்களைவிட முப்பது வயது மூத்த சக ஊழியர் முதல் நாளே "டூ" போடச் சொல்வார், நமக்கு வாய் வராது, ஆனாலும் போட வேண்டும். இல்லத்தில் வாழ்கிற முதியவர்களிடம் "ஸீ"தான், கூடவே திருமதி இன்னார், திரு இன்னார் என்று குடும்பப் பெயர். நம் வழக்கத்தில் அன்பாக "ஓமா", அதாவது பாட்டி, என்று கூப்பிட்டுவிடாதீர்கள். நமக்கு அது மரியாதை. அங்கே பராமரிப்பு வேலையில் அப்படிக் கூப்பிடுவது அவரைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார்கள்.

இரண்டாம் படி: இடம் தேடுவது

இந்தத் திட்டத்தில் மூன்று தரப்பு உண்டு. நீங்கள், நீங்கள் வேலை செய்யும் இல்லம் அல்லது பள்ளி, இரண்டு பேருக்கும் நடுவில் "ட்ரேகர்" என்கிற பொறுப்பு அமைப்பு. காரித்தாஸ், டியாகோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம், ஏடபிள்யூஓ, இன்டர்நாசியோனாலர் பண்ட் போன்றவை பெரிய ட்ரேகர்கள். 1958-இல் மார்பர்கில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய லேபென்ஸ்ஹில்ஃபே என்ற அமைப்பு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லங்களை நாடு முழுக்க நடத்துகிறது. கார்ல்ஸ்ரூவில் இருக்கிற ஃப்ராய்ண்டே டேர் எர்ட்சீஹுங்ஸ்குன்ஸ்ட் மாதிரி சில அமைப்புகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எடுத்துப் பழக்கம் உண்டு.

பழக்கம் இருக்கிற அமைப்பாகப் பார்த்து எழுதுங்கள். வெளிநாட்டுத் தன்னார்வலரை ஒருமுறைகூட எடுக்காத இல்லத்துக்கு விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதே தெரியாது, நீங்கள்தான் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1 அன்று ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய வருடம் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். தன்விவரம் ஒரு பக்கம், ஏன் வர விரும்புகிறேன் என்று ஒரு கடிதம், சான்றிதழ்கள், மொழித் தேர்வு முடிவு. கடிதத்தில் "ஜெர்மன் பண்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். உங்கள் தாத்தாவை மருத்துவமனையில் மூன்று வாரம் பார்த்துக்கொண்டீர்களா, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தீர்களா, கோயில் அன்னதானத்தில் பரிமாறினீர்களா, அதை எழுதுங்கள். நான் என் அப்பத்தாவுக்கு மூன்று வருடம் காலையில் இன்சுலின் நேரத்தை நினைவுபடுத்தி, சாப்பிட வைத்துவிட்டுக் கல்லூரி போனதை எழுதினேன். நேர்காணலில் கேட்டது பூரா அதைப் பற்றித்தான்.

வீடியோவில் நேர்காணல் நடக்கும். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்தாமல் நீங்களும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அறை இல்லத்துக்கு உள்ளேயா, வெளியேயா, தனியா, பகிர்ந்தா? வேலை இல்லாத நாளில் சாப்பாடு யார் பொறுப்பு? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? ஒரு ஷிப்டில் எத்தனை ஊழியர், அதில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? எனக்கு வழிகாட்டி யார்? இப்போது அங்கே இருக்கிற தன்னார்வலரோடு பத்து நிமிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேச வைக்கிற இடம் நல்ல இடம். ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏஜென்ட் பற்றி

கேரளத்திலும் இப்போது தமிழ்நாட்டிலும் "எஃப்எஸ்ஜே பேக்கேஜ்" என்று மூன்று லட்சம், நான்கு லட்சம் கேட்கிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டு வயிறு எரிகிறது. இந்த வேலைக்கு நேரடியாக நீங்களே மின்னஞ்சல் அனுப்பலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் செலவு மொழி வகுப்பு, தேர்வு, விசாக் கட்டணம் 75 யூரோ, விமான டிக்கெட், குளிர் உடை, முதல் மாதச் செலவுக்குக் கையிருப்பு, அவ்வளவுதான். ஏஜென்ட் மூலம் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடிதத்தையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், நேர்காணலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் போய் விடுதியிலோ பண்ணையிலோ "தங்க இடத்துக்கு உதவி" என்று வேலை செய்வதைப் பல நாடுகள் வேலையாகவே கணக்கில் எடுக்கும், பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஒரு வருடம் தாங்குமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், முதலில் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் மாதிரி அமைப்புகள் நடத்தும் இரண்டு மூன்று வார முகாமுக்குப் போய்ப் பாருங்கள். அதை 1920-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோல், 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே வந்து வீடு கட்டும் வேலையில் இறங்கியவர். இந்தியாவிலேயே அவர்களுக்குக் கிளை உண்டு.

மூன்றாம் படி: ஒப்பந்தமும் விசாவும்

உங்களை எடுத்துவிட்டால் "ஃபெராய்ன்பாருங்" என்ற ஒப்பந்தம் வரும். பிஎஃப்டி என்றால் அதில் கொலோனில் தலைமையகம் உள்ள கூட்டாட்சி அலுவலகமும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் கூடுதலாகச் சில வாரம் ஆகும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, தாஷன்கெல்ட் எவ்வளவு, தங்குமிடம், உணவு, விடுமுறை எத்தனை நாள், எல்லாம் அதில் எண்ணாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மாணவர் விசாவுக்குக் கேட்கிற முடக்கக் கணக்கு, அதாவது அங்கே ஆகும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கிற வங்கிக் கணக்கு, இதற்குப் பொதுவாகத் தேவைப்படாது.

வசிப்புரிமைச் சட்டத்தின் 19சி பிரிவில் வருகிற நீண்டகால விசா இது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில் உள்ள தூதரகம். காகிதப் பட்டியல் அவ்வப்போது மாறும், தூதரகப் பக்கத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே விண்ணப்ப வேலையை ஆரம்பித்துவிடுங்கள், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முடிவு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

தூதரகத்தில் கேட்கிற முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எதற்காக இதைச் செய்கிறாய், அதற்கப்புறம் என்ன? உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் அங்கேயே நர்சிங் பயிற்சி படிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், நிறையப் பேர் அப்படி மாறுகிறார்கள். ஆனால் அந்த இல்லம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், உன் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் திணறக் கூடாது.

இதற்கிடையில் தடுப்பூசிச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். 2020 மார்ச்சில் வந்த சட்டப்படி மழலையர் பள்ளி, பள்ளி, மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். சின்ன வயதுச் சீட்டு தொலைந்து போயிருந்தால் இங்கேயே திரும்பப் போட்டுக்கொண்டு, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன

குளிர் உடையை இங்கே வாங்காதீர்கள், தி.நகரில் கிடைக்கிற ஜாக்கெட் டிசம்பருக்குத் தாங்காது. உள்ளே அணிகிற தெர்மல் இரண்டு செட் மட்டும் எடுத்துக்கொண்டு, மேல் உடையை அங்கே போய்ப் பழைய துணிக்கடையில் வாங்குங்கள், நல்ல தரமாகவும் மலிவாகவும் கிடைக்கும். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், சின்னக் குக்கர். சான்றிதழ்களின் மூலப் பிரதி, ஜெர்மன் மொழிபெயர்ப்பு. வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு. வேறு எதுவும் பெரிதாக வேண்டாம்.

நான்காம் படி: முதல் இரண்டு வாரம்

இறங்கிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதை ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் அதற்குத் தேவை, முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இது முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும், வங்கிக் கணக்கும் சுலபமாகும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், கட்டணத்தை வேலை செய்யும் இடம் கட்டும். வேலை தொடங்கும் தேதியிலிருந்துதான் அது அமலாகும், அதனால் முன்னதாகவே போய் இறங்குகிறவர்கள் அந்த நாட்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிநாட்டினர் அலுவலகம். சிலருக்கு விசாவே முழு வருடத்துக்கும் வரும், சிலருக்குச் சில மாதத்துக்கு மட்டும் வந்து, அங்கே போய்த்தான் வசிப்பு அட்டை வாங்க வேண்டும். அங்கே முன்பதிவு கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், வந்த வாரமே கேட்டு வையுங்கள். உணவு பரிமாறுகிற வேலை என்றால் சுகாதார அலுவலகத்தில் ஒரு அறிவுரை வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டும், அதை இல்லமே ஏற்பாடு செய்யும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், டிவி இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லத்தில் உங்களுக்கு ஒரு சாவி தருவார்கள், அந்த ஒரே சாவி பல கதவுகளைத் திறக்கும். அது தொலைந்தால் மொத்தப் பூட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், பல ஆயிரம் யூரோ செலவு. தனிநபர் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு, வருடத்துக்குச் சின்னத் தொகைதான், எடுக்கும்போது வேலையிடச் சாவியும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். நான் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் படி: வேலை

காலை ஷிப்ட் ஆறரைக்கு. முதல் பத்து நிமிடம் இரவு ஊழியர் ஒவ்வொரு அறையைப் பற்றியும் வேகமாகச் சொல்வார், முதல் மாதம் எனக்குப் பெயர்கள் மட்டும்தான் பிடிபட்டன. அப்புறம் காலை உணவு. ரொட்டியை ஓரம் வெட்டி, வெண்ணெய் தடவி, இவருக்கு ஜாம், அவருக்குச் சீஸ், இன்னொருவருக்குச் சின்னச் சதுரங்களாக.

விழுங்கச் சிரமப்படுகிற ஒரு அம்மாவுக்குத் தேநீர் கொடுக்கும் வேலை என்னுடையது. வெறும் தேநீர் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று அதில் ஒரு பொடியைக் கரைப்பார்கள். அளவுக் கரண்டியால் போட்டு, கட்டி தட்டாமல் கலக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வரும். அவரை நேராக உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்து, கரண்டியில் பாதி. தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு குவளைக்கு இருபத்தைந்து நிமிடம். அவசரப்பட்டால் வாயை இறுக மூடிக்கொள்வார். மூன்றாவது மாதத்தில் ஒருநாள், குவளை காலியானதும் என் கையைப் பிடித்து "ஸோ" என்றார். நம் "சரி" மாதிரி. அதுவரை அவர் என்னிடம் பேசியதே இல்லை.

நீங்கள் என்ன செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை பிரித்துக் கொடுப்பது, ஊசி, காயத்துக்குக் கட்டு, இதெல்லாம் பயிற்சி பெற்றவர் வேலை. தன்னார்வலர் ஊழியருக்குத் துணை, ஊழியருக்குப் பதில் ஆள் கிடையாது, திட்டத்தின் விதியே அதுதான். ஆள் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருப்பதால் இந்தக் கோடு மெதுவாக அழியும். ஒரு சனிக்கிழமை, இருவர் உடம்பு சரியில்லை என்று வராததால், ஒரு மாடி முழுக்க என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். பதினெட்டுப் பேர். அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். திங்கள்கிழமை ட்ரேகரின் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவர் இல்லத்தில் பேசினார், அதன் பிறகு அப்படி நடக்கவில்லை. நன்றி கெட்டதனம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த மாடியில் யாராவது விழுந்திருந்தால் அது அந்த முதியவருக்குச் செய்த துரோகம் ஆகியிருக்கும். இடமே சரியில்லை என்றால் ட்ரேகர் மூலம் இடம் மாறவும் வழி உண்டு, ஆனால் உங்கள் வசிப்பு அனுமதி இந்த ஒப்பந்தத்தோடு இணைந்தது என்பதால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குச் சொல்லாமல் மாறக் கூடாது.

உடம்பு முடியாவிட்டால் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள், மருத்துவரிடம் எப்போது சான்று வாங்க வேண்டும் என்பதை முதல் வாரமே கேட்டு வையுங்கள். சளியோடு வேலைக்கு வந்தால் அங்கே யாரும் மெச்ச மாட்டார்கள், முதியவர்களுக்குத் தொற்றும் என்று திருப்பி அனுப்புவார்கள். மதியம் நடையில் எதிர்ப்படுகிறவர் "மால்ட்சைட்" என்றால் நீங்களும் அதையே சொல்லுங்கள், சாப்பாட்டு வேளை வணக்கம் அது.

பன்னிரண்டு மாதத்துக்கு 25 நாள் கருத்தரங்கு உண்டு, கட்டாயம், வேலை நாளாகவே கணக்கு. ஐந்து ஐந்து நாளாக, வெவ்வேறு ஊரில் இளைஞர் விடுதியில் நடக்கும். எனக்கு நண்பர்கள் கிடைத்தது அங்கேதான். இல்லத்தில் எல்லோரும் வயதானவர்கள், ஊழியர்களுக்குக் குடும்பம் இருக்கும். கருத்தரங்கில்தான் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருபது முப்பது பேர்.

வீடும் குளிரும்

நவம்பர்தான் கஷ்டம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே இருட்டும், டிசம்பரில் நாலேகால், நாலரைக்கே. காலை ஷிப்டுக்கு இருட்டில் போய், மதியம் தூங்கி எழுந்தால் மறுபடி இருட்டு. எனக்கு அழுகையே வந்தது. மதிய வெளிச்சத்தில் அரை மணி நேரம் கட்டாயம் நடப்பது, வாரத்துக்கு ஒருநாள் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவது, இந்த இரண்டும்தான் காப்பாற்றின. ஊருக்கு வீடியோவில் தினமும் மூன்று மணி நேரம் பேசுவது இன்னும் மோசமாக்கும், அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்திலும் தினம் இரண்டு முறை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்காரர் செலவை உங்களிடம் கேட்பார். கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அறைக் கதவை மூடிவிடுங்கள், புகை எச்சரிக்கை மணி அலறினால் மாடியே எழுந்து வரும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு, சேர்த்து வைத்துக் கடை இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலைக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் ஏங்கினால் டோர்ட்முண்ட், எஸ்ஸன், ஹம் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. போருக்குத் தப்பி வந்தவர்கள், நாற்பது வருடமாக அங்கே வேர் பிடித்தவர்கள். ஹம் ஊரில் ஊன்ட்ராப் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. மே, ஜூன் வாக்கில் தேர்த் திருவிழா. நான் போன நாளில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை, எந்த ஊர்? சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆறாம் படி: ஊர் சுற்றுவது

விடுமுறை இடத்துக்கு இடம் மாறும், பல இடங்களில் வருடத்துக்கு 26 முதல் 30 நாள். கருத்தரங்கு நாட்களில் எடுக்க முடியாது. இல்லத்தில் அடுத்த வருட விடுமுறைப் பட்டியலை முந்தைய இலையுதிர் காலத்திலேயே போடுவார்கள், பிள்ளைகள் உள்ள ஊழியர்கள் பள்ளி விடுமுறையை எடுத்துவிடுவதால், நீங்கள் மே, ஜூன், செப்டம்பர் கேளுங்கள். கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தால் வெள்ளி ஒரு நாள் மட்டும் எடுத்து நான்கு நாள் ஆக்கலாம், அதைப் "பாலம் நாள்" என்பார்கள், அதற்குப் போட்டி அதிகம்.

உள்நாட்டுக்கு டாய்ட்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. மாதம் முழுக்க நாடெங்கும் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாம் போகலாம், அதிவேக ஐசிஇ, ஐசி ரயில்களில் மட்டும் செல்லாது. சில மாநிலங்களில் தன்னார்வலருக்குச் சலுகை விலை உண்டு, சில இல்லங்களே வாங்கித் தரும், கேளுங்கள். இந்த டிக்கெட்டிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை போய்விடலாம். வட்டார ரயிலில் நான்கு முறை மாறி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து போகிற பயணம் எனக்குப் பிடித்திருந்தது, ஒவ்வொரு ஊர்க்காரரும் ஏறி இறங்கும்போது பேச்சின் சாயல் மாறுவதைக் கேட்கலாம்.

செல்லுபடியாகும் நீண்டகால விசாவோ வசிப்பு அட்டையோ இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். விசா முடிந்து அட்டை இன்னும் கைக்கு வராத இடைவெளியில் எல்லை தாண்டாதீர்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. ஜெர்மனியில் வசிப்பவர் என்ற முறையில், ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்ற உதவும் இன்டர்ரெயில் பாஸ் வாங்கலாம், 27 வயதுவரை குறைந்த விலை. பத்து நாளில் பத்து நாடு என்று போகிறவர்கள் ரயில் நிலையங்களைத்தான் பார்க்கிறார்கள், இரண்டு ஊரில் ஐந்தைந்து நாள் இருங்கள்.

ஒரு ஊரை மட்டும் நான் கட்டாயம் சொல்வேன்: ஹாலே. தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கித் தமிழ் படித்து, தமிழில் அச்சுப் போட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவோடு தொடர்புடைய ஃப்ராங்கே அறநிலையம் அங்கே இருக்கிறது. பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டு அலமாரிகளோடு ஒரு அதிசயப் பொருள் அறை, ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள். மயிலாடுதுறைப் பக்கத்து ஆள் நான், தரங்கம்பாடிக் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவன். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது கால் நடுங்கியது.

கடைசிப் படி: கிளம்பும்போது

தொலைபேசி, ஜிம், டிக்கெட் ஒப்பந்தங்களை ரத்து செய்வதற்கு ஒவ்வொன்றுக்கும் முன்னறிவிப்புக் காலம் உண்டு, மூன்று மாதம் முன்பே பட்டியல் போடுங்கள். ஊர் அலுவலகத்தில் முகவரியை நீக்க வேண்டும், அந்தச் சான்று பலவற்றுக்குத் தேவைப்படும். சமூகக் காப்பீட்டு எண் உள்ள கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வேலைக்கோ படிப்புக்கோ போனால் அதே எண்தான். பணிச் சான்றிதழ் இரண்டு விதம், தேதி மட்டும் உள்ளது ஒன்று, எப்படி வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதுவது இன்னொன்று. இரண்டாவதைக் கேளுங்கள், ஒரு மாதம் முன்பே. அங்கேயே பயிற்சிப் படிப்புக்கு மாற நினைத்தால் இந்த வேலையெல்லாம் ஆறாவது மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இல்லத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வது. நினைவு நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், சிலர் கடிதம் எழுதித் தர நினைப்பார்கள், கை நடுங்குவதால் நேரம் பிடிக்கும். நினைவு தப்பியவர்களுக்கு அன்றைக்குச் சொன்னால் போதும். மறந்துவிடுவார்களே என்று சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள். தேநீர் கொடுத்து முடித்துவிட்டு நான் சொன்னேன், அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். நான் எழுந்தபோது என் கழுத்தில் சாவிக் கயிறு இல்லாததைத் தொட்டுப் பார்த்தார்.